விரல் போய் ஆறு ஆண்டுகள்: பெங்களூரில் எனக்குக் கிடைத்த இ.எஸ்.ஐ. பராமரிப்பு

2019 செப்டம்பர் வரை இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, என் சம்பளச் சீட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். 14,000 ரூபாய்ச் சம்பளத்தில் 105 ரூபாய், அதாவது முக்கால் சதவீதம் பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறார் என்பதுகூட எனக்குத் தெரியாது.

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில், உலோகத் தகடுகளை மிஷினில் அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி வலையை, உற்பத்தி வேகமாக நடக்க வேண்டும் என்று கழற்றி வைத்திருந்தார்கள். ஒரு மதிய ஷிப்டில் இடது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவும், நடுவிரலில் ஒரு கணுவும் போயின. அந்த வலை மூலையில் சாய்ந்து கிடந்த காட்சியை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் அடங்குவதில்லை.

காண்ட்ராக்டர் ஓடி வந்தார். பக்கத்துக் கிளினிக்குக்குப் போகலாம், வீட்டுக் கதவில் விரல் நசுங்கியது என்று சொல், செலவையும் மேலே பத்தாயிரமும் நான் தருகிறேன் என்றார். வலியில் நான் தலையாட்டியிருப்பேன். கூட வேலை செய்த கிருஷ்ணகிரி அண்ணன்தான் விடவில்லை. கையைத் துணியால் சுற்றி, ஆட்டோவில் ஏற்றி, நேராக ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அவசரப் பிரிவில் பதிவு செய்தபோது, வேலை நேரத்தில் பிரஸ் மிஷினில் அடிபட்டது என்று இரண்டு முறை சொல்லி, அப்படியே எழுத வைத்தார்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று பிறகுதான் புரிந்தது. சாதாரண நோய் என்றால் கூலியில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்கும் குறிப்பிட்ட நாள்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் பட்ட காயம் என்றால் கூலியில் 90 சதவீதம், காயம் ஆறும்வரை. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இந்த உரிமை உண்டு. அப்படி உதவித்தொகை வாங்கும் காலத்தில் ஆளை வேலையிலிருந்து நீக்கவும் கூடாது. காண்ட்ராக்டர் சொன்ன கதவுக் கதையை நான் ஏற்றிருந்தால் இவை எல்லாம் அந்தப் பத்தாயிரத்தோடு முடிந்திருக்கும்.

94 நாள் வீட்டில் இருந்தேன். மருத்துவச் சான்றுகளோடு முதன்முறை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் போனபோது, கட்டுப்போட்ட கையோடு வரிசையில் நின்ற என்னைப் பார்த்து கவுன்ட்டர் அம்மா, "கூத்கொள்ளி" என்று நாற்காலியைக் காட்டினார். என் தட்டுத்தடுமாறிய கன்னடத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். எந்தச் சான்றை எப்போது தர வேண்டும், வங்கிக் கணக்கில் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நான் பேசத் திணறியபோது என் மனைவியிடம், "இது தருமம் இல்லை அம்மா, அவர் கட்டிய பணம்" என்றார். அதுவரை யாரிடமோ கையேந்துவதுபோலக் கூசிப்போயிருந்தேன். அன்று வீடு திரும்பும்போது அந்தக் கூச்சம் இல்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மீந்த விரல்களை மடக்கப் பழக்கிய பிசியோதெரபி மருத்துவர் ஒருநாள், இரவில் தூங்குகிறீர்களா என்று கேட்டார். இல்லை, கண்ணை மூடினால் மிஷின் சத்தம்தான் கேட்கிறது என்றேன். அதன்பின் ஒவ்வொரு முறையும் பயிற்சிக்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா பேசிக்கொண்டிருப்பார். எந்த விதிப் புத்தகத்திலும் அந்த ஐந்து நிமிடம் இருக்காது. என் கை தேறியதில் பாதி அந்தப் பேச்சால்தான் என்று நம்புகிறேன்.

2020 தொடக்கத்தில், ஊனம் எவ்வளவு என்று கணக்கிடும் மருத்துவக் குழு முன்பு போனேன். சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும், ஒவ்வொரு கணுவுக்கும் கணக்கு உண்டு: ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 11 சதவீதம் இழப்பு, நடுவிரலில் ஒரு கணுவுக்கு 7. விரலை எண்ணாக மாற்றிப் பார்ப்பது மனதுக்குக் கடினமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டும் சேர்ந்த 18 சதவீதத்துக்கு மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம், ஆயுள் முழுக்க. மார்ச்சில் ஊரடங்கு வந்து ஷெட் மூடியபோது, ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டு அரிசி அந்தப் பணத்தில்தான் வந்தது.

ஒரு பெரிய குறை உண்டு. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்களைப் புதிதாக இதில் சேர்ப்பதில்லை. அந்த வரம்பு 2017இல் வைத்தது. அதற்குப் பிறகு பெங்களூரில் வாடகை எங்கேயோ போய்விட்டது. எங்கள் தெருவில் வெல்டர் ஒருவர் 23,000 வாங்குகிறார். அவருக்கு அடிபட்டால் இழப்பீட்டை முதலாளியிடம்தான் கேட்க வேண்டும். கொடுக்க மறுத்தால் வழக்கு. அடிபட்ட கையோடு வழக்குக்கு அலைவது என்னால் முடிந்திருக்காது. அந்த வரம்பை உயர்த்தியே ஆக வேண்டும்.

இப்போது அதே பீன்யாவில் வேறொரு ஷெட்டில் ஸ்டோர் பார்க்கிறேன். போன மாதம் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்து சேர்ந்தான். இ.எஸ்.ஐ. நம்பர் கேட்டேன், அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. மேஸ்திரியிடம் மூன்று நாள் தொடர்ந்து கேட்டு நம்பரை வாங்கினோம். அதை அவன் போனிலும், ஊரில் அவன் அம்மாவின் போனிலும் ஏற்றிய பிறகுதான் அவனை மிஷின் பக்கம் அனுப்பினேன்.