ஸ்டீயரிங் இறுகியதும் ‘ரேக் போய்விட்டது’ என்கிறார்களா? பணத்தை வெளியே எடுக்காதீர்கள்

ஒரு மாதச் சம்பளம். பிடித்தம் போக மிச்சம் அல்ல, முழுதாக ஒரு மாதச் சம்பளம். அதைக் கொட்டி அழுத வேலைக்கு ஒரு பெல்ட்டும் ஒரு ஹோஸ் கிளிப்பும் போதும் என்று இன்று மாலைதான் தெரிந்தது. வயிறு எரிகிறது. பெயர் வேண்டாம். எல்லா கம்பெனிக் கார்களையும் பார்க்கிற, குளிரூட்டிய வரவேற்பறை வைத்த பெரிய தனியார் ஒர்க்‌ஷாப் என்று மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது ஆயிலில் இயங்கும் பழைய வகை பவர் ஸ்டீயரிங். எஞ்சின் பெல்ட்டைச் சுழற்றும், பெல்ட் பம்ப்பை ஓட்டும், பம்ப் தள்ளுகிற ஆயிலின் அழுத்தம்தான் ரேக்கில், அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்களைத் திருப்புகிற பாகத்தில், நம் கைக்குத் துணை. அந்த அழுத்தம் குறைந்தால் ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கும். நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை வலித்தது. கடைசிவரை திருப்பினால் முன்பக்கத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். வேகம் பிடித்த பிறகு அவ்வளவாகத் தெரியாது. இவை எல்லாவற்றையும் அங்கே ஒப்பித்தேன். கீச்சொலி என்றால் முதலில் பெல்ட்டைப் பார் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அந்த மேற்பார்வையாளர் பானெட்டையே திறக்கவில்லை.

வண்டியை மேலே தூக்கி, என்னையும் அடியில் அழைத்தார். டார்ச் அடித்து, ரேக்கின் மேல் ஆள்காட்டி விரலால் ஒரு இழுப்பு இழுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல் முழுக்கச் சிவப்பு ஆயில். “பாருங்கள் சார், ரேக் சீல் போய்விட்டது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. ஸ்டீயரிங்கில் விளையாடலாமா?” என்றார். பிறகு குரலைத் தணித்து, “அவசரமே இல்லை, வேறு எங்காவது காட்டிவிட்டுக்கூட வாருங்கள்” என்றார். அங்கேதான் விழுந்தேன். ஏமாற்ற நினைக்கிறவன் இன்னொருவரிடம் காட்டச் சொல்வானா? புது ரேக் என்று சொல்லி முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். பில்லில் ‘ஸ்டீயரிங் வேலை’ என்று ஒற்றை வரி.

வண்டி வந்த சில நாள் நன்றாகத்தான் ஓடியது. ஓடாமல் என்ன? ரேக்கைக் கழற்றினால் புது ஆயில் ஊற்றித்தானே ஆக வேண்டும். அது குறையக் குறைய, பழைய கனம் திரும்பி வந்தது. போதாக்குறைக்கு, நேர்ச் சாலையில் போகும்போது ஸ்டீயரிங் வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ரேக்கைக் கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது, செய்தே ஆக வேண்டும். அதைக்கூடச் செய்யாமல் அனுப்பியிருக்கிறார்கள்.

போன் செய்தேன். “புது ரேக் சார், பழகும்வரை இறுக்கமாகத்தான் இருக்கும்” என்றார். பழகுவதற்கு அது என்ன செருப்பா? நேரில் போனேன். டயரில்தான் கோளாறு என்றார். அப்புறம், முதலாளி ஊரில் இல்லை. அதற்கும் அப்புறம், போனை எடுக்க ஆளே இல்லை. கழற்றிய பழைய ரேக்கைக் கேட்டேன். காயலான் கடைக்குப் போய்விட்டதாம்.

இன்று வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன். பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். தொளதொளவென்று உள்ளே போனது. உள்பக்கம் தேய்ந்து கண்ணாடிபோலப் பளபளத்தது, அதன் மேல் ஆயில் வேறு. ஆயில் தொட்டிக்கு வருகிற ஹோஸின் கிளிப் தளர்ந்து, அங்கிருந்து கசிந்தது பெல்ட்டிலும் சொட்டி, கீழே ரேக் மேலும் வடிந்திருக்கிறது. அன்று விரலில் எடுத்துக் காட்டியது இந்த ஆயிலைத்தான்! ரேக்கின் இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருக்கும். ஆயில் கசியாமல் அடைத்துவைக்கிற சீல் போனால் பெரும்பாலும் ஆயில் அந்த உறைக்குள் தேங்கும், உறையின் கிளிப்பைத் தளர்த்தினால் ஒழுகும். வெளியே ஈரமாக இருப்பதை மட்டும் வைத்து ரேக்கைக் கழற்றச் சொல்வது மோசடி. இன்னொன்றையும் காட்டினார். என் ‘புது’ ரேக்கில் வெள்ளி நிறப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினால் அடியில் துரு. யாருடைய வண்டியில் எத்தனை வருடம் உழைத்ததோ.

புகைப்படத்தோடு மறுபடி கேட்டதற்கு வந்த பதில்: “வெளியாள் கை வைத்துவிட்டார், இனி வாரண்டி செல்லாது.” ஒரு மாதச் சம்பளம்!

எதை எதை எப்படிச் சோதிப்பது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. நினைவுக்கு வருவதை மட்டும் சொல்கிறேன். முன் டயர்களில் காற்று குறைந்தாலும் ஸ்டீயரிங் கனக்கும், முதலில் அதைப் பாருங்கள். பிறகு ஆயில் அளவு. தொட்டியில் நுரை இருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. ஆயில் வகை வண்டிக்கு வண்டி மாறும், கையில் கிடைத்ததை ஊற்ற விடாதீர்கள். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிய பிறகும் திருப்பக் கடினமாக இருந்தால் ரேக்கிலோ, ஸ்டீயரிங் தண்டின் மூட்டிலோ, சக்கரத்துப் பந்து மூட்டிலோ பிடிப்பு இருக்கலாம். தூக்கியதும் லேசாகச் சுழன்றால் ரேக்கைத் தொடுவதற்கு முன் பெல்ட்டையும் பம்ப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். முழுக்கத் திருப்பி 5 விநாடிக்கு மேல் பிடித்துவைக்காதீர்கள், பம்ப் சூடேறும். மின்மோட்டாரில் மட்டும் இயங்கும் ஸ்டீயரிங் என்றால் அதில் ஆயிலே கிடையாது. பேட்டரி பலவீனமானாலும் அது இறுகும். ஆயில் மாற்ற வேண்டும் என்று அதற்கும் ஒருவர் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கழற்றிய பாகத்தைக் கையில் கொடுக்கும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பில்லில் பாகத்தின் எண்ணும், புதியதா பழையதா என்பதும் இருக்க வேண்டும். ‘ஸ்டீயரிங் வேலை’ என்று ஒற்றை வரியில் நீட்டினால் வாங்காதீர்கள்.