சீட்டைப் பார்த்துக் கெளுத்தி வாங்கலாமா? புதுச்சேரி வண்ண மீன் கடை ஒன்றின் மதிப்பீடு

நெல்லித்தோப்புப் பக்கம் இருக்கும் இந்தக் கடையில் ஒரு சுவர் முழுக்கக் கேட்ஃபிஷ் தொட்டிகள்தான். ஒவ்வொன்றிலும் லேமினேட் செய்த சீட்டு ஒட்டி, அறிவியல் பெயரும் அதன் பொருளும் தமிழில் எழுதியிருக்கிறார்கள். புதுவையிலும் கடலூரிலும் கண்ணாடி மேல் மார்க்கரால் ‘ஷார்க்’, ‘டேங்க் கிளீனர்’, ‘கோரி’ என்று கிறுக்குவதோடு சரி என்பதால், முயற்சிக்கே பாதி மதிப்பெண் கொடுத்துவிடலாம். மீதிப் பாதி எழுதியிருப்பதைப் பொறுத்தது. சில சீட்டுகள் தப்பு. ஆகவே கடையின் பெயர் வேண்டாம்.

கோரிடோராஸ் என்ற சின்னக் கெளுத்திகளின் (சுருக்கமாகக் கோரி) தொட்டிகள்தான் இங்கே சிறப்பு. கிரேக்கத்தில் ‘கோரிஸ்’ தலைக்கவசம், ‘டோராஸ்’ தோல். செதிலே இல்லாமல், பக்கத்துக்கு இரண்டு வரிசை எலும்புத் தகடுகளோடு திரியும் மீனுக்குப் பொருத்தமான பெயர். வெண்கல நிறத்து ‘கோரிடோராஸ் ஏனியஸ்’ சீட்டில் ‘வெண்கலம் போன்றது’ என்று சரியாகவே போட்டிருக்கிறார்கள். ஆனால் 2024ல் இந்தப் பேரினத்தை, அதாவது பெயரின் முன்பாதி குறிக்கும் மீன் கூட்டத்தை, பிரித்து மறுவகைப்படுத்தியபின் அது ‘ஆஸ்டியோகாஸ்டர் ஏனியா’. முன்பாதிக்கு ‘எலும்பு வயிறு’ என்று பொருள். புதுப் பேரினம் பெண்பால் என்பதால் ஏனியஸ் ஏனியாவாகிவிட்டது. ‘கோரிடோராஸ் பேலியேட்டஸ்’ இதேபோல ‘ஹாப்லிசோமா பேலியேட்டம்’ ஆனது. ‘கோரிடோராஸ் ஸ்டெர்பை’யின் முன்பாதியும் மாறிவிட்டது. குந்தர் ஸ்டெர்பா என்ற ஜெர்மன் விலங்கியலாளரின் பெயரில் வேற்றுமை உருபு சேர்ந்த சொல் அது, பேரினம் மாறினாலும் விகுதி மாறாது. வியாபாரத்தில் பழைய பெயர்தான் ஓடுகிறது, அதனால் கடையைக் குறை சொல்ல மாட்டோம். பழைய பெயரில் ஒரு ஜோடி, புதுப் பெயரில் ஒரு ஜோடி என்று இணையத்தில் தேடி ஒரே மீனை இரண்டு இனமாக வாங்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

புதுவை வெயிலுக்கு இந்தப் பெயர் விவகாரம் வெறும் படிப்பு சமாச்சாரம் இல்லை. பேலியேட்டம் தென் அமெரிக்காவின் குளிர்ந்த ஓடைகளைச் சேர்ந்தது. பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் சேகரித்ததை 1842ல் ஜெனின்ஸ் என்ற இயற்கையியலாளர் பெயரிட்டார். லத்தீனில் ‘பேலியா’ என்றால் உமி, பதர். 22 முதல் 24 டிகிரி நீரில்தான் அதற்கு நிம்மதி. மே மாதம் நம் வீட்டுத் தொட்டி 30 டிகிரியைத் தாண்டும்போது மேலே வந்து மேலே வந்து காற்று குடிக்கும், தீனியில் வாய் வைக்காது, பிறகு ஒவ்வொன்றாகப் போகும். ஸ்டெர்பை 28 டிகிரியிலும் தெம்பாக இருக்கும். கடைக்காரர் இரண்டையும் அடுத்தடுத்த தொட்டியில் ஒரே விலைக்கு வைத்திருக்கிறார், வெப்பநிலை பற்றிச் சீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. பொருள் எழுத இடம் இருந்த சீட்டில் இதற்கும் இடம் இருந்திருக்கும்.

பெரிய தப்பு ‘டேங்க் கிளீனர்’ தொட்டியில். சீட்டில் ‘ஹைப்போஸ்டமஸ் ப்ளெகோஸ்டமஸ்’, அதாவது ‘கீழ்வாய், மடிப்பு வாய்’ என்று இருக்கிறது. சொல்லுக்குப் பொருள் சரி, மீன்தான் வேறு. முதுகுத் துடுப்பை விரித்துக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நேரம் பார்த்து, முன்முள்ளை விட்டுவிட்டு மற்றக் கதிர்களை எண்ணுங்கள். ஹைப்போஸ்டமஸில் 7 வரும். இந்தத் தொட்டியில் 10க்கு மேல் வருகிறது, ஆக இது டெரிகோப்லிக்திஸ். ‘துடுப்பு, ஆயுதம், மீன்’ என்ற மூன்று சொற்களின் கூட்டு. சிறுத்தைப் புள்ளி போட்டிருப்பது ‘பர்டாலிஸ்’. விரல் நீளத்தில் வாங்குவது 40 சென்டிமீட்டரைத் தாண்டும். தொட்டி கொள்ளவில்லை என்று ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள், அது கரையைக் குடைந்து பெருகுகிறது, மீனவர் வலையையும் கிழிக்கிறது. பாசி தின்ன ஒரு மீன் வேண்டுமென்றால் அதே சுவரில் இருக்கும் ‘ஆன்சிஸ்ட்ரஸ்’ எடுங்கள். கிரேக்கத்தில் கொக்கி என்று பொருள், 12, 13 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். கொக்கி என்ற பெயர் கன்னத்து முட்களுக்கு. வலையில் அள்ளினால் அவை மாட்டிக்கொள்ளும், இழுத்தால் மீனுக்குக் காயம். கடைப் பையன் பிளாஸ்டிக் டப்பாவால் அள்ளுகிறான். விவரம் தெரிந்த கை.

கண்ணாடிக் கெளுத்தியின் சீட்டும் பழசு. ‘கிரிப்டாப்டெரஸ் பைசிர்ரிஸ்’ என்று இருக்கிறது. முன்பாதி ‘மறைந்த துடுப்பு’, பின்பாதி இரண்டு மீசை. பைசிர்ரிஸ் 15 சென்டிமீட்டர் வரை வளரும். கடைகளுக்கு வரும் சின்னது 2013ல் ‘விட்ரியோலஸ்’ என்று தனி இனமாகப் பெயர் பெற்றது, விட்ரம் என்றால் கண்ணாடி. எந்தப் பெயரில் வாங்கினாலும் ஆறுக்குக் குறைந்து வாங்க வேண்டாம், தனியாக விட்டால் தீனி எடுக்காமல் சாகும்.

‘ஷார்க்’ தொட்டியில் அறிவியல் பெயர் சரி: ‘பங்காசியனோடான் ஹைப்போப்தால்மஸ்’. பின்பாதிக்குக் கீழ்க்கண் என்று பொருள், வாய் ஓரத்துக்கு நேராகத் தாழ்ந்து நிற்கும் கண்ணைக் குஞ்சிலேயே பார்க்கலாம். மீன் கடையில் பாசா என்று விற்பதும் இதுதான். ஒரு மீட்டருக்கு மேல் வளரும் மீனுக்கு இரண்டடித் தொட்டியைக் காட்டி விற்பதை ஏற்க முடியாது.

தேளித் தொட்டிக்கு வருவோம். ‘ஹெட்டிரோநியூஸ்டஸ் ஃபாசிலிஸ் (பிளாக், 1794)’ என்று அடைப்புக்குறி சகிதம் எழுதியிருக்கிறார்கள், நல்ல கவனம். பெயரிட்டவர் முதலில் வேறு பேரினத்தில் வைத்திருந்தால்தான் அந்த அடைப்புக்குறி வரும். பிளாக் இதை ‘சைலூரஸ்’ என்ற பேரினத்தில் வைத்தார். அவருக்கு மீன் போனது அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடியிலிருந்து. இவ்வளவும் அறிந்தவர்கள் பொருள் எழுதும்போது ‘புதைபடிவ மீன், பழங்கால இனம்’ என்று சறுக்கிவிட்டார்கள். லத்தீனில் ஃபாசிலிஸ் என்றால் தோண்டி எடுத்தது. வற்றிய குளத்துச் சேற்றைத் தோண்டினால் உயிரோடு வரும் மீன் இது. முன்பாதி ‘வேறு வகையாய் மூச்சு விடுவது’. செவுள் அறையிலிருந்து முதுகெலும்பை ஒட்டிப் பின்னால் ஓடும் காற்றுப்பை இரண்டு உண்டு, மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். தொட்டியை விளிம்பு வரை நிரப்பி மூடினால் மூச்சு முட்டிச் சாகும். இரண்டு அங்குலம் காலி விட்டு, மூடி மேல் கனம் வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் தரையில் கிடக்கும். மார்புத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் கையை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பேக்கிங் சுமார். கோரிகளைக் கொத்தாக ஒரே பையில் போடுகிறார்கள். மிரண்டால் அவை நச்சுச் சுரப்பை விடும், வீட்டுக்குப் போகும்முன் பை கலங்கி மொத்தமும் போய்விடலாம். பைக்கு இரண்டு மூன்று என்று பிரித்து, இரட்டைப் பையில் கேளுங்கள், முள் பையையும் ஓட்டை போடும். கேட்டால் முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள்.

கடைசியாகக் கல்லாவுக்குப் பக்கத்து நீல டிரம். சுற்றுவட்டார ஏரிகளில் பிடித்த சின்னக் கெளுத்திகள், விலை மலிவு, சீட்டே கிடையாது. தோளில் கரும்புள்ளியும் உடலில் பட்டைகளும் உள்ளவை ‘மிஸ்டஸ் விட்டாட்டஸ்’. விட்டா என்றால் நாடா. இதே பின்பாதியோடு ‘ஓட்டோசிங்க்ளஸ் விட்டாட்டஸ்’ என்ற பாசி தின்னி எதிர்த் தொட்டியில் இருப்பதால் ‘விட்டாட்டஸ் கொடுங்க’ என்று பாதிப் பெயரில் கேட்காதீர்கள். இதன் உறவு ‘மிஸ்டஸ் கெலிட்டியஸ்’. 1840ல் வாலன்சியன் என்ற விலங்கியலாளர் பெயரிட்டபோது அவர் கையில் இருந்தது புதுச்சேரி மீன். ‘கெலிட்டியஸ்’ என்பது நம் ஊர்க் கெளுத்திதான், லத்தீன் வால் முளைத்து. அமேசான் மீனுக்கெல்லாம் பொருள் எழுதும் கடை இதற்கு ஒரு சீட்டு எழுதியிருக்கலாம். வாங்குபவர்கள் நியான் டெட்ரா என்ற குட்டி மீன்களோடு மட்டும் விட வேண்டாம், ராத்திரி விளக்கு அணைந்ததும் ஒன்று பாக்கி வைக்காது.