குருவிடம் பாவ அறிக்கையா, நேராகக் கடவுளிடமா?

கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவிடம் பாவத்தைச் சொல்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது இது கட்டாயம் என்றது 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம். “ஏதோ தவறிவிட்டேன்” என்று மழுப்ப இங்கே இடமில்லை. சாவான பாவத்தை, அதாவது தெரிந்தே மனமாரச் செய்த கனமான பாவத்தை, இன்னதென்று சொல்லியே ஆகவேண்டும். அப்புறம், மன்னிப்பும் காதில் விழுகிறது. கேட்டதை குரு வெளியே சொன்னால் அவருக்குத் திருச்சபை விலக்கு.

சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையினர் பெரும்பாலும், பாவத்தை அறிக்கையிட்டால் கடவுள் மன்னிப்பார் என்னும் 1 யோவான் 1:9ஐ நம்பி நேராகக் கடவுளிடமே அறிக்கையிடுகிறார்கள். நள்ளிரவானாலும் சரி, காத்திருக்க வேண்டாம். ஆனால் நம்மை நாமே சுலபமாக விட்டுவிடுவோம். (சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர்கூட தனி அறிக்கையை ஒழிக்கவில்லை!)

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுபவருக்கு முதல் வழியே உதவும் என்பேன். அது இல்லாத சபையில் இருப்பவர், யாக்கோபு 5:16இன்படி நம்பகமான ஒரு விசுவாசியிடம் சொல்லலாம். பறித்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை இரண்டிலுமே உண்டு. இயேசுவைச் சந்தித்த வரிவசூலிப்பவர் சகேயு நான்கு மடங்கு தருவதாகச் சொன்னார்.