மில்லுக்குப் போட்ட பைபர் கன்வேர்ட்டர் சோடி, காசுக்குப் பெறுமதிதான்

பரந்தன் பக்கம் எங்கட நெல்லு மில்லுக்கும் ரோட்டோர ஒபிசுக்கும் இடையில முந்தி லான் வயர்தான் ஓடினது, 100 மீற்றருக்கு மேல அது இழுக்காது எண்டு நடுவில ஒரு சுவிச்சும் வச்சிருந்தம், ஐப்பசி இடி முழங்கினா அதோட ரவுட்டர், கமராப் பெட்டி எல்லாம் சேந்து கருகும். காணுமடாப்பா எண்டுதான் வவுனியாவில ஒரு கடையில இந்தச் சோடியை வேண்டினது, லான் சிக்னலை வெளிச்சமாக்கிக் கண்ணாடி இழைக்குள்ளால (பைபர்) அனுப்பி, மற்றப் பக்கம் திருப்பி லானாக்கிற பெட்டியள், அந்தப் பக்கம் ஒண்டு இந்தப் பக்கம் ஒண்டு. கண்ணாடி இழைக்குள்ளால கரண்ட் வராது, இந்த மாரிக்கு ஒரு போர்ட்டும் போகேல்லை. ஆனா கேபிளைத் தாங்க ஒரு இரும்புக் கம்பி ஒட்டி வரும், அதைப் பெட்டி வரைக்கும் கொண்டுவராமல் வெளியிலயே வெட்டி விடுங்கோ, இல்லாட்டி இடி அதில ஏறி உள்ள வரும்.

எனக்குப் பிடிச்சது என்னெண்டா போறதும் வாறதும் ஒரே இழைதான். ஒரு பெட்டி 1310 நானோமீற்றர் அலைநீள ஒளியில அனுப்பி 1550இல வாங்கும், மற்றது அப்பிடியே மறுவளம். உள்ள இருக்கிற லேசர் சிப் அரிசிக் குறுணலை விடச் சின்னன், அது 20 கிலோமீற்றர் தள்ளும் எண்டு பெட்டியில போட்டிருக்கு, எங்களுக்கு அதில ஒரு மூலை காணும். வேண்டேக்க கடைக்காரத் தம்பி, "அண்ணை, ஏ ஒண்டும் பி ஒண்டும் இருக்கோ எண்டு பாத்து எடுங்கோ" எண்டவர், ஏ, பி எண்டது அந்த மறுவளமான ரெண்டு பெட்டியள்தான், ரெண்டும் ஏ எண்டா லைற்றே பத்தாது. கேபிள் நுனியில கொழுவிற பச்சைத் தலையையும் நீலத் தலையையும் மாறிக் கொழுவக் கூடாது, இழை நுனியை வெட்டின சரிவு வேற, வெளிச்சம் வீணாகும். லேசர் வருதோ எண்டு கண்ணை வச்சுப் பாக்கவே வேண்டாம், இது கண்ணுக்குத் தெரியாத ஒளி, போன் கமராவுக்கும் பிடிபடாது.

அடப்டர்தான் குப்பை. தொட்டா சுடும், கொஞ்ச நாளில உறுமத் தொடங்கீட்டுது, வேற 5 வோல்ற் ஒண்டு மாத்தினாப் பிறகு பிரச்சினை இல்லை.

இதில ரெண்டு அலைநீளத்துக்கு ரெண்டு லேசர். 2007ல ஜேர்மனியில மயிர் மொத்தமுள்ள ஒரு கண்ணாடி வளையத்துக்குள்ள ஒரேயொரு லேசரை விட்டு, சம இடைவெளியில கன அலைநீளம் எடுத்துக் காட்டினவங்கள், இப்ப அதைச் சிப்பிலயே செய்யிறாங்கள், ஒவ்வொரு அலைநீளத்திலயும் வேற வேற டேற்றா அனுப்பலாமாம். அது பெரிய டேற்றா சென்ரர்காரருக்கு. மில்லில நாலு கமராவும் பில் போடுற கொம்பியூட்டரும் ஓட இந்தச் சோடி தாராளம், அடுத்தது களஞ்சியத்துக்கும் ஒண்டு எடுக்கப் போறன், அடப்டரைத் தனியா வேண்டிக்கொண்டு.