நரம்பு முகட்டு செல்கள்: உள்வழியா, தோலடி வழியா?

கரு வளரும்போது நரம்புக் குழாயின் (பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆவது) மேல்விளிம்பிலிருந்து பிரிந்து கிளம்பும் செல்கள் இவை. உடல்பகுதியில் இவற்றுக்கு இரண்டு பாதைகள்.

முதலாவது உள்வழி. கோழிக் கருவில் முதலில் கிளம்புகிறவை இதில்தான் போகும். இருபுறமும் அடுக்கடுக்காக இருக்கும் சோமைட்டுகள் எனும் திசுக்கட்டிகளின் (பிறகு முதுகெலும்பும் தசைகளும் ஆகுபவை) முன்பாதிக்குள், அதாவது தலைப்பக்கப் பாதிக்குள் மட்டும் நுழையும். பின்பாதியில் இருக்கும் எஃப்ரின் போன்ற புரதங்கள் அவற்றை விரட்டிவிடுகின்றன. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகள் சீரான இடைவெளியில் அமைவதற்கு இந்த விரட்டல்தான் காரணம். பரிவு நரம்பு முடிச்சுகள் (அவசர நேரத்தில் உடலை முடுக்கிவிடும் நரம்புகளுடையவை), நரம்பிழைகளைப் போர்த்தும் ஷ்வான் செல்கள், அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி எல்லாம் இவ்வழியே வந்தவைதான்.

இரண்டாவது தோலடி வழி, தோலுக்கும் சோமைட்டுக்கும் நடுவே போவது. கோழியில் இது ஏறக்குறைய ஒரு நாள் தாமதமாகத் திறக்கிறது. எலியில் அவ்வளவு தாமதம் இல்லை. இதில் போகிறவை பெரும்பாலும் நிறமிச் செல்களாகின்றன. எனக்குச் சுவாரசியமானது இந்த வழிதான். ஆரம்பத்தில் இங்கேயும் எஃப்ரின் தடுக்கிறது. அப்புறம் நிறமிச் செல்லாக மாறத் தொடங்கியவற்றை அதே எஃப்ரின் உள்ளே வரத் தூண்டுகிறது! சமிக்ஞை அதேதான், அதைக் கேட்கும் செல்தான் மாறிவிட்டது.

ஆனால் ‘நிறமி என்றால் தோலடி வழி’ என்று கறாராகப் பிரித்துவிட முடியாது. உள்வழியில் போய் நரம்புகளை ஒட்டித் தங்கும் ஷ்வான் முன்னோடிச் செல்களிலிருந்தும் தோலின் நிறமிச் செல்கள் உருவாவது 2009இல் தெரியவந்தது.