வேகமானியா, கோணமானியா?

பெங்களூரு ஜக்கூரில் செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானம் ஓட்டப் பழகும் என் தங்கை மகன், அல்சூர் வீட்டுக்கு வந்தபோது கேட்டான்: "மாமா, வேகமானியில் பச்சைக் கோடு 48 நாட் (knot, விமான வேக அலகு) வேகத்தில் தொடங்குகிறது. அதற்கு மேலே பறந்தால் ஸ்டால் ஆகாதுதானே?"

ஆகும். தோசைக் கரண்டியைச் சாய்த்துக் காட்டினேன். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 16 டிகிரியைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து, விமானத்தைத் தூக்கும் விசை சரிந்துவிடும். அதுதான் ஸ்டால். விமானம் பக்கவாட்டில் 60 டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கையின் சுமை இரு மடங்கு. அப்போது அதே விமானம் 68 நாட் வேகத்திலேயே ஸ்டால் ஆகும். பச்சைக் கோடோ 48இலேயே நிற்கும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைக் காட்டும் கோணமானிக்கு இந்தக் குழப்பம் இல்லை. எடை கூடினாலும் சாய்ந்தாலும் எல்லைக் கோணம் அநேகமாக மாறாது. எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

சரி, அதுவும் தவறலாம். 2018, 2019இல் விழுந்த இரண்டு போயிங் 737 மேக்ஸிலும் கோண உணரி தவறான அளவைத் தந்தது. 2009இல் ஏர் பிரான்ஸ் 447இல் வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்கள் உறைந்ததால் வேகமானி தடுமாறியது. 228 பேர் இறந்தார்கள்.

அவன் விமானத்தில் கோணமானி இல்லை. இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னத் துளை, அதோடு ஸ்டால் நெருங்கினால் ஒலிக்கும் ஒரு ஹாரன். "அது முனகினால் முதலில் மூக்கை இறக்குடா" என்றேன்.