பாரிஸ்ல ஒரே ஒரு மதியம், கூட நாப்பது பசங்க: லூவரா, ஓர்சேயா?

ஸ்கூல் டூர் பிளான் போடறவங்க பாரிஸ் வந்ததும் கண்ணை மூடிட்டு ஐஃபில் டவர், லூவர் மியூசியம், சீன் நதியில படகு சவாரி, டிஸ்னிலேண்ட்னு எழுதிடறாங்க. ஆத்தைத் தாண்டினா ஓர்சே மியூசியம் இருக்கு, லூவர்ல இருந்து பார்க் வழியா நடந்தா கால் மணி நேரம்தான், ஆனா லிஸ்ட்ல அது பேரே வர்றதில்ல. தனியா போனா நானும் லூவருக்குத்தான் ஓடுவேன், அது வேற விஷயம். நாப்பது பசங்க, கையில மூணு மணி நேரம்னு வரும்போது கணக்கே மாறிடுது.

லூவர் அடிப்படையில ஒரு அரண்மனை, 1793ல மியூசியமா திறந்தாங்க. டெனான், சுல்லி, ரிஷ்லியூன்னு மூணு பகுதி, காட்சிக்கு வெச்சிருக்கறதே 35,000 பொருள் கிட்ட வரும். கண்ணாடி பிரமிடுக்கு கீழ இறங்கினா மூணு பக்கமும் வழி பிரியுது, ஒரு பையன் ஷூ லேஸ் கட்ட குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள குரூப் டெனான் பக்கம் போயிருக்கும், அவன் சுல்லி பக்கம் போயிருப்பான், போன் அடிச்சு எங்கடா இருக்கன்னு கேட்டா "ஒரு சிலை பக்கத்துல சார்"னு பதில் வரும். லூவர்ல சிலை பக்கத்துல இல்லாத இடம் எது?

ஓர்சேயில இந்தத் தலைவலி இல்ல. அது பழைய ரயில்வே ஸ்டேஷன். 1900ல நடந்த உலகக் கண்காட்சிக்காக கட்டினது, அப்புறம் ரயிலெல்லாம் நீளமாகி பிளாட்ஃபாரம் பத்தாம 1939லயே வெளியூர் வண்டிங்க நின்னுபோச்சு, இடிச்சுட்டு ஹோட்டல் கட்டலாம்னு பேச்சு வரைக்கும் போய் எப்படியோ தப்பிச்சு 1986ல மியூசியமா திறந்தாங்க. ஸ்டேஷனா இருந்ததால நடுவுல ஒரே நீள ஹால், மேல வளைஞ்ச கண்ணாடிக் கூரை. மாடியில நின்னு எட்டிப் பார்த்தா கீழ உங்க பசங்க போட்டிருக்கற மஞ்சத் தொப்பி எல்லாம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுடும். கூட போற டீச்சருக்கு இதை விட வேற என்ன வேணும்.

சரி, மோனாலிசா? பசங்க அதைத்தானே கேப்பாங்க. கேப்பாங்கதான். 77க்கு 53 சென்டிமீட்டர் படம், கண்ணாடிக்குப் பின்னாடி, முன்னாடி தூக்கிப் பிடிச்ச போன் காடு. க்யூவுல நகர்ந்து நகர்ந்து போய் செல்ஃபி எடுத்துட்டு "இவ்ளோ சின்னதா"ன்னு சொல்லிட்டு வெளிய வருவாங்க. அதே ரூம்ல எதிர் சுவர் முழுக்க வெரோனேசே வரைஞ்ச, பைபிள்ல வர்ற கானா ஊர் கல்யாண விருந்துப் படம் இருக்கு, கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம், 1797ல நெப்போலியனோட படை வெனிஸ்ல இருந்து தூக்கிட்டு வந்தது. அவ்ளோ பெரிய படத்துக்கு எல்லாரும் முதுகைக் காட்டிட்டு நிக்கறாங்க. நாங்க போனப்ப ஏஜென்சிக்காரங்க லூவருக்கு மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தாங்க, அதுல பெரும்பகுதி இந்த ஒரு ரூமுக்கே போச்சு.

லூவரை நான் ஒதுக்கச் சொல்லல. மோனாலிசாவை விட்டுக்கொடுக்க பசங்க சம்மதிச்சா லூவர்தான் ஜெயிக்கும், இதை அடிச்சு சொல்வேன். ரிஷ்லியூ பக்கம் போங்க, கோர்சாபாத் முற்றம்னு இருக்கு, இப்போதைய ஈராக்ல இருந்து வந்த அசீரிய அரண்மனைக் காவல் சிலைங்க, மனுஷத் தலை, காளை உடம்பு, இறக்கை, நாலு மீட்டருக்கு மேல உயரம். பசங்ககிட்ட ஒண்ணும் சொல்லாம அதுக்கு எத்தனை காலுன்னு மட்டும் கேளுங்க. நேரா நின்னு பார்த்தா ரெண்டு கால் ஊன்றி நிக்கற மாதிரி இருக்கும், பக்கவாட்டுல போனா நாலு கால்ல நடக்கற மாதிரி இருக்கும், சுத்தி வந்து எண்ணினா மொத்தம் அஞ்சு. சிற்பி ரெண்டு பக்கத்துக்கும் சரியா வரணும்னு ஒரு கால் கூட வெச்சிருக்கான். அதைக் கண்டுபிடிச்ச உடனே போனை உள்ள வெச்சுட்டு சண்டை போட ஆரம்பிப்பாங்க. அங்கயிருந்து கொஞ்ச தூரத்துல பாபிலோன் ராஜா ஹமுராபியோட சட்டம் செதுக்கின கறுப்புக் கல்லு, ஹிஸ்டரி புக்ல படிச்ச கண்ணுக்குக் கண் சமாச்சாரம் நேர்ல நிக்குது. சுல்லிக்கு கீழ போனா அரண்மனை ஆகறதுக்கு முன்னாடி இருந்த கோட்டையோட அடிச்சுவர், அகழி, எல்லாம் 12ம் நூற்றாண்டு கடைசியில ஆரம்பிச்சது. மோனாலிசா ரூம் நெரிசல்ல பாதி கூட இங்க எங்கயும் கிடையாது.

ஓர்சேல இருக்கறது கிட்டத்தட்ட 1848ல இருந்து 1914 வரைக்கும் உள்ள சரக்கு மட்டும். மோனே, வான் கோ, செசான்னு பெரிய ஓவியர்கள் படமெல்லாம் இங்கதான். படம் பார்த்துப் பார்த்து சலிச்சுப் போறது இங்கயும் உண்டு, அதனால நேரா அஞ்சாவது மாடிக்கு போயிடுங்க, ஸ்டேஷனோட பெரிய கடிகாரம் கண்ணாடியில இருக்கு, உள்ள நின்னு அது வழியா பாரிஸைப் பார்க்கலாம், போட்டோ ஆசை அங்கயே தீந்துடும். அப்புறம் தெகாவோட சின்ன நடனக்காரி சிலை, வெண்கல உடம்புக்கு நிஜத்துணிப் பாவாடை, தலையில நிஜ ரிப்பன். அந்தப் பொண்ணுக்கு வயசு பதினாலு, பார்க்கற பசங்களுக்கும் அதே வயசு. 1881ல மெழுகுல செஞ்சு வெச்சப்ப அசிங்கமா இருக்குன்னு திட்டித் தீத்தாங்களாம், ஏன் திட்டினாங்கன்னு கேட்டுப் பாருங்க, பொண்ணுங்க பக்கம் நல்லா பேச்சு வரும். கைபோத் வரைஞ்ச, மரத்தரை இழைக்கிற கூலி ஆளுங்க படத்தையும் விட்டுடாதீங்க.

ஒரு எச்சரிக்கை, கீழ்த்தளத்துல கூர்பே வரைஞ்ச சில படங்க எந்த ரூம்ல தொங்குதுன்னு டீச்சர் முன்னாடியே பார்த்து வெச்சுக்கறது நல்லது. காரணத்தை நான் எழுத மாட்டேன், போனா புரியும்.

காசு. 18 வயசுக்குள்ளன்னா ரெண்டும் ஃப்ரீ, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டா இருந்தாலும். காலேஜ் குரூப்னாதான் சிக்கல், 25 வயசு வரைக்கும் ஃப்ரீங்கறது ஐரோப்பிய யூனியன் பக்கம் குடியிருக்கறவங்களுக்குத்தான். இந்தியாவுல இருந்து வர்ற இருபது வயசுப் பையன் டிக்கெட் எடுக்கணும், அதுலயும் லூவர் 2026 ஜனவரியில இருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய யூனியன், நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன்) வெளிய இருந்து வர்றவங்களுக்கு 32 யூரோ ஆக்கிடுச்சு, லண்டன்ல இருந்து போறவங்களும் இதுல மாட்டிப்பாங்க. ஓர்சே அதுல பாதி அளவுதான் வரும். அதனால காலேஜ் பசங்களோட, பட்ஜெட் இறுக்கமா இருந்தா யோசிக்கவே வேணாம், ஓர்சே.

ஒரே நாள்ல ரெண்டையும் முடிச்சுடலாம்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வார். அவர் பேச்சைக் கேக்காதீங்க. ரெண்டாவது மியூசியத்துல எல்லாரும் பெஞ்சுலதான் உக்காந்திருப்பாங்க. மிச்ச நேரத்துக்கு லூவரை ஒட்டி இருக்கற துய்லரி பார்க்ல காலை நீட்டி உக்கார வைங்க, இல்ல மெட்ரோ ஏறி லா ஷப்பேல் போய் ஈழத்தமிழர் கடைகள்ல கொத்து ரொட்டி வாங்கிக் கொடுங்க, மூணு நாளா பகெட்ங்கற நீள ரொட்டியைத் தின்ன வாய்க்கு அது தேவாமிர்தம்.

மதியம் வேணாம் சாயங்காலம் போகலாம்னாலும் வழி இருக்கு, லூவர் புதன், வெள்ளியில ராத்திரி 9 மணி வரைக்கும், ஓர்சே வியாழக்கிழமை 9:45 வரைக்கும். குரூப்னா ரெண்டுக்கும் முன்பதிவு பண்ணிட்டுத்தான் போகணும். திங்கக்கிழமை ஓர்சே லீவு, செவ்வாய்க்கிழமை லூவர் லீவு, அதனால பஸ் புக் பண்றதுக்கு முன்னாடி கிழமையைப் பார்த்துக்கோங்க.